கொடி ஏந்தி ஆண்டவரைப் புகழ்வோம்



ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 29-ஆம் நாள் மாலை பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்துக்குச் செல்லும் சாலைகளை நாம் பார்த்திருக்கிறோம். மயிலாப்பூரிலிருந்தும் மாம்பலத்திலிருந்தும் வடசென்னையிலிருந்தும் மக்கள் நடந்தே வருகிறார்கள். பலர் காவி உடையில், பலர் வெறுங்காலில், கையில் செபமாலையோடு வருவார்கள். எலியட்ஸ் கடற்கரைக் காற்று வீசிக்கொண்டிருக்க, மந்திரிக்கப்பட்ட அன்னையின் கொடி கம்பத்தில் மெல்ல ஏறும். அது உச்சிக்குப் போய் விரியும் அந்தக் கணத்தில் கூடியிருப்பவர்கள் எழுப்பும் முழக்கத்தை ஒரு முறை கேட்டவர் மறக்கமாட்டார். நோயாளி, கடன்பட்டவர், தேர்வில் தோற்ற மாணவர் என்று எல்லாரும் அந்தக் கொடியை நோக்கிக் கை உயர்த்துகிறார்கள்.

ஒரு துணி காற்றில் அசைவதைப் பார்த்து நாம் கண்ணீர் விடுகிறோம். அதை யாரும் தவறு என்று சொல்வதில்லை. ஆனால் அதே கொடியை ஓர் இளம்பெண் கையில் ஏந்தி, பாடலின் தாளத்துக்கு அசைத்து, அடியெடுத்து வைத்து ஆண்டவரைப் புகழ்ந்தால், நம்மில் பலருக்கு நெற்றி சுருங்குகிறது. ‘கோயிலில் இதெல்லாம் எதற்கு?’ என்ற கேள்வி எழுகிறது.

இந்தக் கேள்வி நியாயமானதே. எனவே கொடி ஆட்டம் என்பது என்ன, அதற்கு நம் விசுவாசத்தில் இடம் உண்டா, இருந்தால் அதில் வளர்வது எப்படி என்று இன்று சேர்ந்து சிந்திப்போம்.

கொடி ஆட்டம் என்பது மெல்லிய துணியாலான ஒரு கொடியையோ இரண்டு கொடிகளையோ கையில் ஏந்தி, புகழ்ச்சிப் பாடலுக்கு ஏற்ப அசைத்து, உடலாலும் செபிப்பதாகும். 1967-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் டியூக்கேன் பல்கலைக்கழக மாணவர்களின் தியானத்தில் தொடங்கிய கத்தோலிக்க அருங்கொடை இயக்கம், கை உயர்த்திப் பாடுவதையும் கைதட்டிப் புகழ்வதையும் நம் செபக் கூட்டங்களுக்குப் பழக்கமாக்கியது. பிற கிறிஸ்தவ சபைகளில் பரவிய கொடி ஆட்டமும் இத்தகைய கூட்டங்கள் வழியாகவே நம் இளைஞர்களிடம் வந்து சேர்ந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறோம். முதல் முறை ஒரு செபக் கூட்டத்தில் இதைப் பார்த்தபோது, நாங்களும் கூடத்தின் கடைசி வரிசையில் கைகட்டி நின்றவர்கள்தாம். இது மேடை நிகழ்ச்சியா, செபமா என்று எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டோம். கொடி ஏந்தியவர்களில் நடுவயது தாய் ஒருவர் இருந்தார். அவருக்கு நடனம் தெரியாது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. பாடல் முடிந்ததும் அவர் கொடியை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிலுவையின் முன் முழந்தாளிட்டார். வாய் திறந்து செபிக்க இதுவரை வெட்கப்பட்டதாகவும், கொடி கையில் இருக்கும்போது தம்மை யாரும் பார்ப்பதில்லை, கொடியைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் அச்சமின்றிச் செபிக்க முடிவதாகவும் பிறகு சொன்னார். அந்த ஒரு பதில் எங்களைத் திருவிவிலியத்தை மீண்டும் திறக்கவைத்தது.

முதலில் கொடியைப் பார்ப்போம். அமலேக்கியரோடு நடந்த போரில் மோசேயின் கைகள் உயர்ந்திருந்தவரை இஸ்ரயேல் வென்றது. போர் முடிந்ததும் அவர் ஒரு பலிபீடம் கட்டி, ஆண்டவரே தம் வெற்றிக்கொடி என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார் (விடுதலைப் பயணம் 17). பாலைநிலத்தில் பாளையம் இறங்கும்போது ஒவ்வொரு குலமும் தன் கொடியின் அருகில் தங்க வேண்டும் என்பது கட்டளை (எண்ணிக்கை 2). ஈசாயின் வேரிலிருந்து தோன்றுபவர் மக்களினங்களுக்கு ஒரு கொடிபோல் நிற்பார் என்று எசாயா இறைவாக்கினர் அறிவித்தார் (எசாயா 11). எனவே திருவிவிலியத்தில் கொடி வெறும் அலங்காரம் அல்ல. நாம் யாருடையவர்கள், யாரை நோக்கிக் கூட வேண்டும் என்பதைச் சொல்லும் அடையாளம் அது.

திருச்சபையும் இதை மறக்கவில்லை. உயிர்ப்புப் பெருவிழாவன்று நம் ஆலயத்தில் வைக்கப்படும் உயிர்த்த ஆண்டவரின் திருவுருவத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். அவர் கையில் இருப்பது என்ன? சிலுவை வரைந்த வெற்றிக்கொடி. கல்லறையிலிருந்து எழுந்தவரை வாளோடும் செங்கோலோடும் காட்டுவதைவிட, கொடியோடு காட்டுவதையே கிறிஸ்தவக் கலைஞர்கள் விரும்பினார்கள். 569-ஆம் ஆண்டில் புனித வெனான்சியுஸ் ஃபொர்த்துனாத்துஸ், பிரான்சின் புவாத்தியே நகருக்கு வந்த திருச்சிலுவைப் பகுதியை வரவேற்க எழுதிய புகழ்பெற்ற இலத்தீன் பாடலும், சிலுவையை அரசரின் கொடியாகவே காண்கிறது. அந்தப் பாடல் இன்றும் புனித வாரத்தில் பாடப்படுகிறது.

தமிழர்க்கும் கொடி புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களிலும் துறைமுகத்திலும் பறந்த பலவகைக் கொடிகளைப் பட்டினப்பாலை விவரிக்கிறது. வழிபாட்டுக்கும் வணிகத்துக்கும் அறிஞர்களின் வாதத்துக்கும் அங்கே தனித்தனிக் கொடிகள் இருந்தன. கொடி ஏறினால் ஊர் கூட வேண்டும் என்பது நம் இரத்தத்தில் ஊறிய பழக்கம். நம் பங்குத் திருவிழாவைக் கொடியேற்றத்தோடு தொடங்குவதும் இதனால்தான்.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். செங்கடலைக் கடந்ததும் மிரியாம் கஞ்சிராவை எடுத்துக்கொண்டு ஆட, பெண்கள் எல்லாரும் அவரைப் பின்தொடர்ந்து ஆடினார்கள் (விடுதலைப் பயணம் 15). நடனத்தால் ஆண்டவரைப் புகழும்படி திருப்பாடல்கள் 149-உம் 150-உம் நம்மை அழைக்கின்றன. எல்லாவற்றையும்விட நமக்குப் பாடமாக அமைவது 2 சாமுவேல் நூலின் 6-ஆம் அதிகாரம். அந்த ஒரே அதிகாரத்தில் இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. ஒன்று சன்னலில் நிற்பவர்களுக்கு. மற்றொன்று ஆடுபவர்களுக்கு.

உடன்படிக்கைப் பேழை எருசலேமுக்கு வருகிறது. தாவீது அரச உடையைக் களைந்து, ஏபோது என்னும் எளிய வழிபாட்டு ஆடையை அணிந்து, தம் முழு வலிமையோடும் ஆண்டவர் திருமுன் ஆடுகிறார். சவுலின் மகள் மீக்கால் சன்னல் வழியே பார்க்கிறார். உள்ளத்தில் அவரை இகழ்கிறார். பணிப்பெண்கள் பார்க்க அரசர் தம்மைத் தாழ்த்திக்கொண்டாரே என்பது அவருடைய குறை. தாவீதோ, ஆண்டவர் திருமுன் இதைவிடவும் தம்மைத் தாழ்த்திக்கொள்ளத் தயார் என்கிறார்.

மீக்கால் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கண்டது உண்மைதான். ஆனால் அவர் தாவீதை மட்டும் பார்த்தார். பேழையைப் பார்க்கவில்லை. நம் கண்ணும் பல நேரம் இப்படித்தான். ஆடும் பிள்ளையின் உடையை, வயதை, உடல் பருமனைப் பார்க்கிறோம். அந்தப் பிள்ளை யாரை நோக்கி ஆடுகிறது என்பதைப் பார்ப்பதில்லை.

நம் நகரத்துக்கு இந்தச் சன்னல் நன்றாகத் தெரியும். ஒரு நூற்றாண்டுக்கு முன் சதிர் என்று அழைக்கப்பட்ட ஆடல், ‘நல்ல குடும்பத்தார்’ முகம் சுளிக்கும் ஒன்றாக இருந்தது. இதைக் காத்து வளர்த்த தேவதாசி மரபுப் பெண்களை ஊர் இகழ்ந்தது. 1930-களில் வழக்குரைஞர் ஈ. கிருஷ்ண ஐயர் போன்றோர் அக்கலைக்காக வாதாடினார்கள். 1935-இல் அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்தில் ருக்மிணி தேவி மேடையேறியபோது ஊரே வியந்து பேசியது. அடுத்த ஆண்டு அவர் நிறுவிய கலாக்ஷேத்ரா இன்று திருவான்மியூரில் நிற்கிறது. இன்று மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தம் மகளைப் பரதநாட்டிய வகுப்புக்கு அனுப்பாத தெருவைத் தேட வேண்டியிருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பங்களும் அனுப்புகின்றன. அன்று இகழப்பட்ட அந்தப் பெண்களுக்கு உரிய நன்றியை ஊர் இன்னும் முழுமையாகச் செலுத்தவில்லை. சன்னலில் நின்றவர்கள் இறங்கி வந்தாலும், இகழ்ச்சியால் பட்ட காயம் எளிதில் ஆறுவதில்லை.

இந்தக் கலையை நம் திருச்சபையும் ஏற்றது. 1977-இல் அருட்தந்தை எஸ். எம். ஜார்ஜ் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய கலைக்காவிரி, நற்செய்தியைப் பரதத்திலும் நாட்டுப்புறக் கலைகளிலும் எடுத்துச் சொன்னது. பின்னர் அது நுண்கலைக் கல்லூரியாகவும் வளர்ந்தது. இயேசு சபைக் குரு சாஜு ஜார்ஜ் ஆண்டவரின் பாடுகளையும் உயிர்ப்பையும் பரதத்தில் ஆடி வருகிறார். திருப்பலியில் ஆரத்தி எடுப்பதைப் பற்றியும் ஒரு காலத்தில் பலர் ஐயுற்றார்கள். 1969-இல் இந்திய ஆயர்களின் வேண்டுகோளின்பேரில் உரோமை அனுமதித்த பண்பாட்டுக் கூறுகளில் அதுவும் ஒன்று. இன்று ஆரத்தி இல்லாத பெருவிழாத் திருப்பலி நமக்கு ஏதோ குறைந்ததுபோல் தெரிகிறது.

இனி ஆடுபவர்களுக்கான எச்சரிக்கையைக் கேட்போம். தாவீது பேழையைக் கொண்டுவந்தது இரண்டாவது முயற்சியில்தான். முதல் முயற்சியிலும் இசை இருந்தது, ஆட்டம் இருந்தது, கூட்டமும் இருந்தது. ஆனால் பேழையை ஒரு புது வண்டியில் ஏற்றினார்கள். வழியில் மாடுகள் இடற, பேழையைப் பிடிக்கக் கை நீட்டிய உசா அங்கேயே இறந்தார். ஊர்வலம் நின்றது. மூன்று மாதம் பேழை ஓபேது ஏதோமின் வீட்டில் இருந்தது. முதல் முறை ஆண்டவர் குறித்த முறைப்படி செய்யாததே பிழை என்று தாவீது பின்னர் லேவியரிடம் சொல்வதை 1 குறிப்பேடு 15-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். இரண்டாம் முறை லேவியர்கள் தண்டுகளால் பேழையைத் தோளில் சுமந்தார்கள். அதைச் சுமந்தவர்கள் ஆறு அடி நடந்ததும் பலி செலுத்தப்பட்டது. அதன் பிறகே தாவீதின் ஆட்டம் வருகிறது.

ஆர்வம் மட்டும் போதாது என்பதே இதன் பொருள். முறையும் வேண்டும், தோள் வலிக்கச் சுமப்பதும் வேண்டும். ‘நாங்கள் ஆண்டவருக்காகத்தானே ஆடுகிறோம், எங்கே ஆடினால் என்ன?’ என்று கேட்கும் இளைஞர்கள் இந்த வண்டியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

திருச்சபையின் முறை என்ன? 1975-இல் வத்திக்கானின் திருவழிபாட்டு இதழில் வெளிவந்த குறிப்பு, நடனம் கேளிக்கையோடு மட்டுமே இணைந்திருக்கும் மேலைநாட்டுச் சூழலில் அதைத் திருவழிபாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றது. அதேவேளையில், நடனம் சமய உணர்வின் வெளிப்பாடாகவே விளங்கும் பண்பாடுகளை அது வேறுபடுத்திப் பார்த்தது. பண்பாட்டுமயமாக்கல் குறித்து 1994-இல் வெளிவந்த வத்திக்கான் அறிவுரை, கைதட்டலும் தாள அசைவும் நடன அசைவுகளும் சில மக்களின் பாடலோடு இயல்பாகவே சேர்ந்து வருவதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவை ஆராதனை, புகழ்ச்சி, காணிக்கை, மன்றாட்டு ஆகிய குழுமச் செபமாக இருக்க வேண்டும், வெறும் நிகழ்ச்சியாக இருக்கக் கூடாது என்றும் தெளிவாகச் சொன்னது. திருவழிபாட்டில் யாரும் தம் விருப்பப்படி எதையும் சேர்க்க முடியாது. அதை முடிவு செய்வது ஆயர்களின் பொறுப்பு.

இதிலிருந்து நமக்குச் சில நடைமுறைத் தெளிவுகள் கிடைக்கின்றன. செபக் கூட்டம், திருவிழாப் பவனி, திருப்பலிக்கு வெளியே நடக்கும் நற்செய்திக் கொண்டாட்டம், இளைஞர் தியானம், கலைநிகழ்ச்சி ஆகியவை கொடி ஆட்டத்துக்கு ஏற்ற இடங்கள். திருப்பலியில் ஒரு வருகைப் பவனியிலோ காணிக்கைப் பவனியிலோ கொடி இடம்பெற வேண்டுமானால், பங்குத்தந்தையிடம் கேட்டு, மறைமாவட்ட ஒழுங்கை அறிந்து செய்ய வேண்டும். எழுந்தேற்றத்தின்போதும் நற்கருணைக்குப் பின்வரும் மௌனத்திலும் கொடி மடிந்தே இருக்கட்டும். அந்த வேளையில் அசைய வேண்டியது நம் உள்ளம் மட்டுமே. ஆட்டம் முடிந்ததும் கைதட்டல் எழுந்தால், நாம் செபத்திலிருந்து நிகழ்ச்சிக்குத் தாண்டிவிட்டோமோ என்று நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, இதில் வளர விரும்புகிறவர் எங்கிருந்து தொடங்குவது? பெரிய செலவு எதுவும் வேண்டாம். தி. நகர் ரங்கநாதன் தெருவிலோ பாண்டி பஜாரிலோ கிடைக்கும் எடையில்லாத மெல்லிய துணி போதும். கனமான துணி மணிக்கட்டை வலிக்கச் செய்யும். தண்டு உங்கள் கை நீளத்தைவிடச் சற்றுக் குறைவாக, முனை மழுங்கியதாக இருக்கட்டும். முதலில் ஒரே கொடி, ஒரே கை. பக்கவாட்டில் ஒரு வட்டம், பிறகு உடலுக்கு முன்னால் படுத்த எட்டு வடிவம். இவை இரண்டும் கைவந்த பிறகு மறு கையிலும் பழக வேண்டும். அதன் பிறகே இரண்டு கொடிகள்.

பழகும் எவரும் முதல் நாளே ஒன்றைக் கற்றுக்கொள்வார். துணி எப்போதும் கையைவிடச் சற்றுத் தாமதமாகத்தான் வரும். அது விரிவதற்குள் அவசரப்பட்டுக் கையைத் திருப்பினால், தண்டைச் சுற்றிக்கொள்ளும். காத்திருந்தால் தானாக விரியும். காலையில் எலியட்ஸ் கடற்கரையில் பழகிப் பாருங்கள். காற்றுக்கு எதிராக இழுத்தால் கொடி உங்களோடு சண்டையிடும். காற்றின் திசையறிந்து கொடுத்தால் அது பாடும். எபிரேய மொழியில் காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் ஒரே சொல்தான்: ரூவா. தூய ஆவியாரை நாம் இழுத்துச் செல்ல முடியாது, அவர் வீசும் திசையில் நம்மைக் கொடுக்கத்தான் முடியும் என்பதை ஒரு முழம் துணி நமக்குக் கற்றுத்தருகிறது.

பாதுகாப்பும் அன்பின் ஒரு பகுதியே. நம் கூடங்களில் மின்விசிறி தாழ்வாகத் தொங்கும், பீடத்தருகே மெழுகுவர்த்தி எரியும், முன்வரிசையில் குழந்தைகள் தரையில் அமர்ந்திருப்பார்கள். ஆடுமுன் கையை நீட்டி ஒரு முறை சுற்றிப் பாருங்கள். அடுத்தவரின் முகத்துக்கும் உங்கள் தண்டின் முனைக்கும் நல்ல இடைவெளி இருக்க வேண்டும். உடை அசைவுக்கு வசதியாகவும் கண்ணியமாகவும் இருக்கட்டும். நிறங்களுக்குத் திருவழிபாட்டு ஆண்டே நமக்கு ஆசிரியர். உயிர்ப்புக் காலத்துக்கு வெள்ளை, தூய ஆவியாரின் பெருவிழாவுக்கும் மறைசாட்சியருக்கும் சிவப்பு, தவக்காலத்துக்கு ஊதா, பொதுக்காலத்துக்குப் பச்சை. தவக்காலத்தில் கொடியை எடுக்காமலே இருப்பதும் ஒரு செபம்தான்.

பாடலின் சொற்களை மனப்பாடம் செய்யாமல் கொடியைத் தொடாதீர்கள். எந்த இறைவார்த்தையிலிருந்து அந்தப் பாடல் பிறந்தது என்று தேடி வாசியுங்கள். பயிற்சிக்கு முன் சில நிமிடமாவது சேர்ந்து செபியுங்கள். தாவீதின் ஊர்வலம் ஆறு அடிக்குப் பின் பலிக்காக நின்றதுபோல, நம் பயிற்சியும் நடுநடுவே நிற்க வேண்டும். நம் பலி எது? நன்றாக ஆடும் தோழியைக் கண்டு வரும் பொறாமை, முன்வரிசை கிடைக்காத வருத்தம், கைப்பேசியில் படம் பிடித்துப் பகிரும் ஆசை ஆகியவற்றை அங்கேயே பீடத்தில் வைத்துவிட்டு அடுத்த அடியை எடுத்துவைப்பதே நம் பலி. தங்கள் உடலை உயிருள்ள பலியாகப் படைக்கும்படி புனித பவுல் உரோமையருக்கு எழுதியதும் இதைத்தானே!

‘எனக்கு வயதாகிவிட்டது, முழங்கால் வலி’ என்பவர்கள் நாற்காலியில் அமர்ந்தே கொடி அசைக்கலாம். காது கேளாதவர்கள் அருகில் இருப்பவரின் அசைவைப் பார்த்து இணையலாம். கொடிக்குக் குரல் வளம் தேவையில்லை, இளமையும் தேவையில்லை. கொஞ்சம் யோசித்தால், நாம் அனைவருமே உடலால் செபிப்பவர்கள்தாம். நெற்றியில் சிலுவை வரைகிறோம், முழந்தாளிடுகிறோம், கை குவிக்கிறோம், திருப்பயணமாக நடக்கிறோம். சாந்தோமில் யாருடைய கல்லறைமேல் நம் பேராலயம் எழுந்திருக்கிறதோ, அந்தத் திருத்தூதர் தோமாவை உயிர்த்த ஆண்டவர் அழைத்ததும் கையை நீட்டும்படிதான். அவருடைய விசுவாச அறிக்கை அந்த அழைப்புக்குப் பிறகே பிறந்தது. உடலை விட்டுவிட்டு உள்ளத்தால் மட்டும் நம்பும்படி ஆண்டவர் யாரிடமும் கேட்கவில்லை.

எனவே, அன்பார்ந்தவர்களே, இந்த வாரம் நமக்கு இரண்டு சிறு பணிகள். செபத்தில் கொடி ஏந்தும் இளைஞர்களே, உங்கள் பங்கின் பெரியவர் ஒருவரிடம் சென்று, நீங்கள் ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் சொல்லும் குறையையும் கேளுங்கள். அதில் தாவீதின் வண்டியைப் பற்றிய எச்சரிக்கை இருக்கலாம். பெரியவர்களே, அடுத்த முறை ஒரு பிள்ளை கொடியோடு நிற்கும்போது, சன்னலை விட்டு இறங்கி வாருங்கள். ஆட வேண்டாம். அந்தப் பிள்ளை நோக்கும் திசையில் நீங்களும் நோக்கினால் போதும்.

பெசன்ட் நகரில் செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழாவைக் கொண்டாடிய பின் கொடி இறக்கப்படும். கடைகள் கலையும், கூட்டம் வீடு திரும்பும், கம்பம் வெறுமையாக நிற்கும். கொடி இறங்கிவிட்டதே என்று யாரும் கலங்குவதில்லை. அது யாரைக் காட்டியதோ அவரை நாம் கண்டுகொண்டோம். அவருடைய தாய் நம்மோடு வீட்டுக்கு வருகிறார். நம் கையில் உள்ள கொடியும் அப்படியே ஆகட்டும். ஆட்டம் முடிந்து அது மடிக்கப்படும்போது, பார்த்தவர்கள் நெஞ்சில் ஆண்டவர் மட்டும் எஞ்சி நிற்கட்டும்.

அந்த அருளை இறைவன் நம் அனைவருக்கும் தருவாராக. ஆமென்.